கேரவன் வாடகைக்கு எடுத்தீர்களாமே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலைப் பள்ளி விடுமுறையில் ஒரு தனியாளிடம் கேரவன் வாடகைக்கு எடுத்து, டர்பனிலிருந்து டிராக்கன்ஸ்பர்க் மலைவரை இழுத்துப் போய் வந்தோம். ஆறு இரவு. திரும்பி வந்த நாளிலிருந்து கோயிலில் ஒருவர், தமிழ்ப் பள்ளி வாசலில் இருவர், மாமியார் வீட்டு விசேஷத்தில் பத்துப் பேர் என்று எல்லோரும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். சிலர் டிசம்பருக்கு எடுக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். சிலருக்குக் கதை கேட்க ஆசை. இரு தரப்புக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

கேரவன் என்றால் நடிகர்கள் உட்காரும் வண்டியா?

இது ஊரிலிருந்து என் தம்பி கேட்டது. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம்தான். தென்னாப்பிரிக்காவில் கேரவன் என்பது காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கும் சக்கர வீடு. உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி. பக்கவாட்டில் விரிக்க ஒரு கான்வாஸ் கூடாரம். இன்ஜின் கிடையாது. இன்ஜினோடு வருவதை மோட்டார்ஹோம் என்பார்கள், அதன் வாடகையே வேறு. டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று எங்கே நடந்தாலும் நாலு தெருவுக்கு ஒரு முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திய கேரவன் ஒன்று நிற்கும். அப்பா ஆசையாக வாங்கியது. பிள்ளைகள் வளர்ந்து ஜோகன்னஸ்பர்க் போய்விட்டார்கள். வண்டி மட்டும் நிற்கிறது. தனியாட்கள் வாடகைக்கு விடுவது பெரும்பாலும் இப்படி நிற்பவற்றைத்தான்.

வாடகைக் கம்பெனிகள் இருக்க, ஏன் தனியாளிடம் போனீர்கள்?

பணம். ஓர் இரவுக்கு 850 ராண்ட் என்று ஆறு இரவுக்கு 5,100. அதற்கு மேல் 3,000 டெபாசிட். நான் விசாரித்த கம்பெனி கேட்டது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அது பாதிக் காரணம். மீதியைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது: அவர் கோயிலில் தெரிந்தவர். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது எனக்குப் பக்கத்தில் நின்று வாளி தூக்கியவர். நான் மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே கல்யாணம் செய்துகொண்டவன். மனைவி வீட்டார் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் ஐந்தாம் தலைமுறை. அவர்கள் வீடுகளில் தமிழ் இப்போது உறவுச் சொற்களிலும் சமையலறையிலும் சாமி அறையிலும்தான் மிச்சம். அந்தப் பெரியவரும் முழுக்க ஆங்கிலத்தில் பேசிவிட்டுக் கடைசியில் ‘தம்பி’ என்று முடிப்பார். இத்தனை வருடம் கழித்து ஒருவர் அப்படிக் கூப்பிடும்போது, குனிந்து டயரைப் பார்க்கத் தோன்றாது.

சரி, என்னதான் நடந்தது?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வண்டியை எடுக்கப் போனேன். ஜூலை இங்கே குளிர்காலம், ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். கைப்பேசி வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்த்தேன். சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார், எலுமிச்சை வாசம் தூக்கலாக அடித்தது. அந்த வாசம் எதை மூடியது என்று மறுநாள் தெரிந்தது. “பேப்பர் ஏதாவது எழுதிக்கலாமா அங்கிள்?” என்று இழுத்தேன். “நமக்குள்ள எதுக்கு?” என்றார். “அதானே” என்று நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். நான், மனைவி, அத்தை, பிள்ளைகள் இருவர். என்-3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி அந்த நீண்ட ஏற்றம் ஏறினோம். ஹோவிக் தாண்டினோம். நாட்டிங்ஹாம் ரோடு விலகலுக்குச் சற்று முன்னால் பின்பக்கம் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். கேரவன் நாய் வாலாட்டுவதுபோல் ஆடியது. அப்போது 90-இல் போய்க்கொண்டிருந்தேன். பிரேக்கை மிதிக்காமல் காலை மட்டும் எடுத்ததால் ஓரம் கட்ட முடிந்தது. இடது டயர் நாராகக் கிழிந்து, கிழிந்த ரப்பர் சக்கர மூடியையும் அடித்து வளைத்திருந்தது. ஸ்டெப்னியைக் கழற்றினால் அதில் காற்றே இல்லை. லாரிகள் உரசிப் போகும் சாலையோரத்தில், புல் வெளுக்கும் குளிரில், அத்தையும் பிள்ளைகளும் வேலிக்கு அந்தப் பக்கம் போர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். சாலை ரோந்து வண்டி ஒன்று வந்து பின்னால் விளக்குப் போட்டு நின்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூய் ரிவரில் புது டயர் 1,450 ராண்ட்.

பிற்பகல் மூன்றரைக்கு ராயல் நேட்டால் பூங்காவின் மஹாய் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். இடத்தைக் குறை சொல்ல மாட்டேன். எதிரே ஆம்ஃபிதியேட்டர் என்னும் அந்தப் பாறைச் சுவர், அதன் உச்சியிலிருந்து விழும் துகேலா அருவி. குளிர்காலத்தில் வெறும் நூல். கூடாரம் போடலாம் என்று பையைப் பிரித்தால் கான்வாஸ் ஒரு கூடாரத்துக்கு, கம்புகள் வேறொரு கூடாரத்துக்கு. மின்கம்பி ஓரிடத்தில் அறுந்து, டேப் சுற்றி வைத்திருந்தது. ஃபிரிட்ஜ் காஸில் எரியவில்லை. மெத்தையைத் திருப்பினால் அடியில் கறுப்பாகப் பூஞ்சை. ஜூலையில் மழை கிடையாது. ஜனவரியில் பெய்த மழை மெத்தைக்குள் பத்திரமாக இருந்தது. “ஆறு பேர் தாராளமாகப் படுக்கலாம்” என்றிருந்தார். நாங்கள் ஐந்து பேர். நான் பக்கியின், அதாவது கேரவனை இழுத்து வந்த எங்கள் பிக்கப் வண்டியின், பின் சீட்டில் படுத்தேன்.

அப்படியானால் அவர் ஏமாற்றுக்காரரா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், ஆமாம் என்று சொல்ல வைக்கவும் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வண்டி நன்றாக இருக்கிறது என்று அவரே நம்பினார். கடைசியாக அவர் அதில் படுத்துத் தூங்கி எத்தனை வருடம் ஆயிற்றோ. அவர் மனத்தில் அது பிள்ளைகளோடு மார்கேட் கடற்கரைக்குப் போன வண்டி. கேளாத கடனும் பாராத பயிரும் பாழ் என்பார்களே, அதில் பாராத பயிர் அவர் பங்கு. கேளாதது என் பங்கு.

ஆனால் டெபாசிட் விஷயத்தில் நடந்துகொண்டது வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

டயரில் பட்டன் நன்றாகத்தான் இருந்தது என்கிறீர்கள். பிறகு எப்படி வெடிக்கும்?

பட்டன், அதாவது டயர் தரையைப் பிடிக்கும் மேடு பள்ளம், புதிது போலவே இருந்தது. சிக்கலே அங்கேதான். கேரவன் வருடத்துக்கு இரண்டு தடவை ஓடும், மீதி நாளெல்லாம் ஒரே இடத்தில் வெயிலில் நிற்கும். டயர் தேய்வதற்கு முன் ரப்பர் முதுமையில் காய்ந்துவிடும். தென்னாப்பிரிக்கச் சட்டம் பட்டன் ஆழம் 1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று பார்க்கும். வெறுமனே நின்று காய்ந்த டயர் அந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும்.

வயதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. டயரின் பக்கச் சுவரில் ‘DOT’ என்ற எழுத்துகளோடு தொடங்கும் ஒரு வரிசை இருக்கும். அதன் முடிவில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். எங்களுடையதில் 2909 என்றிருந்தது. 2009-ஆம் ஆண்டின் 29-ஆவது வாரம். என் மூத்த மகளைவிட வயதான டயர். சில சமயம் அந்த நான்கு இலக்கம் உள்பக்கச் சுவரில் மட்டும் இருக்கும். வண்டிக்கு அடியில் தலையை விட்டுத்தான் பார்க்க வேண்டும். பார்த்துவிடுங்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மஹாயில் பக்கத்து இடத்தில் முகாமிட்டிருந்த ஆப்பிரிக்கான்ஸ் பேசும் ஒரு முதியவர். பிள்ளைகள் அவரை ‘ஊம்’ என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள். நம் மாமா, பெரியப்பா போல ஒரு சொல். அவர்தான் தன் மின்கம்பியை எங்களுக்குக் கடன் தந்தார். கேரவனைச் சுற்றி ஒரு நடை நடந்து, வலது டயரைக் காலால் தட்டி, “இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று செத்துவிட்டது, இன்னொன்றை ஏன் வைத்திருக்கிறாய்?” என்று கேட்டார். மறுநாள் பெர்க்வில்லுக்குப் போய் அதையும் மாற்றினேன். இன்னொரு 1,450. ஓடி நின்றதும் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்க்கவும் அவரே சொன்னார். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் போகப் போகிறது என்று பொருள்.

ரோட்வொர்த்தி சர்டிபிகேட் இல்லாமல் எப்படி ஓட்ட விடுகிறார்கள்?

நானும் இப்படித்தான் நினைத்திருந்தேன். தனியார் காருக்கும் கேரவனுக்கும் இங்கே வருடாவருடம் சோதனை கிடையாது. வண்டி கைமாறும்போதுதான் ரோட்வொர்த்தி, அதாவது சாலையில் ஓடத் தகுதி என்னும் சான்று, கேட்பார்கள். ஒரே சொந்தக்காரரிடம் இருபது வருடம் இருந்த கேரவனை இருபது வருடமாக எந்தச் சோதகரும் பார்த்திருக்க மாட்டார். ‘ஒரே கை வண்டி’ என்று பெருமையாகச் சொல்வார்கள். அதைக் கேட்டால் இப்போது எனக்கு வேறு அர்த்தம் தெரிகிறது.

வருடாவருடம் புதுப்பிப்பது வண்டியில் ஒட்டும் லைசென்ஸ் வட்டு மட்டும். அதற்குப் பணம் கட்டினால் போதும், வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டாம். காருக்கு ஒன்று, கேரவனுக்குத் தனியாக ஒன்று. தேதி முடிந்த பிறகு 21 நாள் அவகாசம் உண்டு. எங்கள் கேரவனின் வட்டு மார்ச்சோடு முடிந்திருந்தது. ரோந்து வண்டிக்காரர் அதைப் பார்க்கவில்லை, அல்லது எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

என் லைசென்ஸில் கேரவன் இழுக்கலாமா? என் கார் தாங்குமா?

அட்டையில் ‘பி’ என்று மட்டும் இருந்தால் 750 கிலோவுக்கு உட்பட்ட டிரெய்லர்தான் இழுக்கலாம். இந்தக் கணக்கு ஜி.வி.எம். எடையில், அதாவது சாமான் ஏற்றியபின் இருக்கலாம் என்று அனுமதித்த உச்ச எடையில். குடும்பம் படுக்கும் கேரவன் ஏறக்குறைய எல்லாமே அதைத் தாண்டும். அதற்கு ‘இ.பி.’ வேண்டும். பழைய ‘கோட் எயிட்’ வைத்திருந்த அங்கிள்மாருக்கு அட்டை மாற்றும்போது ‘இ.பி.’ கிடைத்திருக்கும், இளையவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

காருக்குக் கணக்கு இது: கேரவனில் இருக்கும் சாதாரண ஓவர்ரன் பிரேக்குக்கு (கார் வேகம் குறையும்போது கேரவன் முன்னால் தள்ளுவதால் தானாகப் பிடிப்பது), கேரவனின் ஜி.வி.எம். உங்கள் காரின் வெறும் எடையைத் தாண்டக் கூடாது. இரண்டு எண்ணும் வண்டிகளின் தகட்டில் இருக்கும். டபுள் கேப் பக்கி என்பதால் எங்களுக்கு அங்கே பிரச்சினை வரவில்லை. சின்ன காரில் பெரிய கேரவனை மாட்டிக்கொண்டு வான் ரீனன் கணவாய் ஏறுகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. இறங்கும்போது இன்னும் பயம்.

சாமானை முன்னுக்கும் அச்சுக்கும் நடுவில் வையுங்கள். பின்னால் கனம் கூடினால் கேரவன் ஆட ஆரம்பிக்கும். ஆடினால் திருப்பவும் வேண்டாம், அவசரமாக பிரேக் போடவும் வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள்.

காஸ் பாதுகாப்பாக இருந்ததா?

இல்லை. ரப்பர் குழாயை வளைத்ததும் நூல் நூலாக வெடிப்புகள் தெரிந்தன. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், கவ்வி இருக்கும் முனையில் குமிழி வந்தது. சிலிண்டரை மூடி வெளியே வைத்துவிட்டு, ஊமிடம் ஒரு தனி அடுப்பு வாங்கி வெளியே சமைத்தோம். காஸ் இணைப்பு உள்ள கேரவனுக்குத் தகுதிச் சான்று, பதிவு பெற்ற காஸ் மெக்கானிக் தருவது, இருக்க வேண்டும். கேளுங்கள். இல்லை என்றால் குழாயையும் ரெகுலேட்டரையும் மாற்றித் தரச் சொல்லுங்கள். அதற்குப் பெரிய செலவில்லை.

டிராக்கன்ஸ்பர்க் குளிருக்கு இன்னொன்று. இரவில் பூச்சியத்துக்குக் கீழே போகும். காலையில் எங்கள் வாளித் தண்ணீரில் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. பியூட்டேன் அந்தக் குளிரில் ஆவியாகாது, புரப்பேன் ஆகும். சின்னத் தகர டப்பா காஸ் அடுப்பு விடிகாலையில் கைவிடுவது இதனால்தான்.

குளிர் தாங்காமல் பிராய் என்னும் இறைச்சி சுடும் அடுப்பின் கரியை உள்ளே கொண்டுவந்து வைக்கலாம் என்று பக்கத்து முகாமில் ஓர் இளைஞர் யோசனை சொன்னார். அதை மட்டும் செய்யாதீர்கள். காஸ் அடுப்பைக் கொளுத்தி வைத்துக் குளிர் காய்வதும் வேண்டாம். மூடிய கேரவனில் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். போர்வைதான் சரி. நாங்கள் எடுத்துப் போனதெல்லாம் போர்த்தியும் அத்தைக்கு இரண்டு ஸ்வெட்டர் தேவைப்பட்டது.

ஃபிரிட்ஜ் ஓடாமல் சாப்பாட்டை என்ன செய்தீர்கள்?

வெளியே வைத்தோம். ஃபிரிட்ஜைவிட வெளியேதான் குளிர். அத்தை கொண்டுவந்த தோசை மாவு ஆறு நாளும் புளிக்கவே இல்லை, பபூன் குரங்கு தூக்கிப் போனது போக மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

டிசம்பரில் போகிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்காது. கேரவன் ஃபிரிட்ஜ் காஸ், கார் பேட்டரி, வீட்டு மின்சாரம் என்று மூன்றிலும் ஓடும். வாடகைக்கு விடுபவர் மின்சாரத்தில் மட்டும் போட்டுக் காட்டுவார். காஸில் கொளுத்திக் காட்டச் சொல்லுங்கள். குளிர ஏழெட்டு மணி நேரம் ஆகும் என்பதால் வண்டி எடுப்பதற்கு முந்தின இரவே போட்டு வைக்கச் சொல்ல வேண்டும். கேரவன் சாய்வாக நின்றாலும் அந்த வகை ஃபிரிட்ஜ் குளிராது; சமமாக நிறுத்தினால் பாதிப் புகார் தீரும்.

வாடகைக்கு எடுக்கும்போது வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பகலில் போங்கள். நான் செய்த முதல் தவறு அதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. ஜன்னல் ஓரத்திலும் கூரை மூலையிலும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் மரச் சட்டம். தண்ணீர் இறங்கியிருந்தால் அது பிஸ்கட் மாதிரி அமுங்கும். மெத்தையைத் தூக்குங்கள். கூடாரத்தை அவர் முற்றத்திலேயே ஒருமுறை முழுதாகப் போடுங்கள். ஒரு மணி நேரம் போனால் போகட்டும். அதிலேயே கம்பு, கயிறு, முளை எல்லாம் தெரிந்துவிடும். விளக்கு இணைப்பை உங்கள் காரில் மாட்டி, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எரிகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிற்க வைத்துப் பாருங்கள். முகாம்களில் பெரும்பாலும் நீல நிற வட்டப் பிளக் இருக்கும், அதற்கான கம்பி வண்டியோடு வருகிறதா என்று கேளுங்கள். ஸ்டெப்னியைக் கையால் அழுத்திப் பார்க்க மூன்று விநாடி போதும். நான் அந்த மூன்று விநாடியைச் செலவழிக்கவில்லை.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்று சொந்தக்காரர் சொன்னால் போதாதா?

போதாது. வீட்டு உபயோகத்துக்கு எடுத்த பாலிசி, வாடகைக்கு விட்டால் பெரும்பாலும் செல்லாது. “வாடகைக்கு விடலாம் என்று பாலிசியில் எழுதியிருக்கிறதா?” என்பதுதான் கேள்வி. இந்த நாட்டில் வண்டி இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை. பெட்ரோல் விலையோடு சேர்த்துப் பிடிக்கும் வரியில் நடக்கும் சாலை விபத்து நிதி, உடலுக்கு வரும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டும்தான். கேரவன் ஆடி அடுத்தவர் காரில் மோதினால் அந்தத் தகரத்துக்கு நிதி ஒரு காசும் தராது. உங்கள் கார் இன்சூரன்ஸ்காரரையும் ஒரு தடவை கூப்பிட்டு, வாடகைக் கேரவனை இழுத்தால் காப்பு இருக்கிறதா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுத்தில் என்ன வாங்க வேண்டும்? வாய்ப்பேச்சு செல்லாதா?

வாய்ப்பேச்சு செல்லும். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் வாய்மொழி வாடகை ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். வாட்ஸ்அப்பில் பேசியதையும் சாட்சியமாகக் காட்டலாம். 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் நாங்கள் பேசியதில் பாதி கோயில் மண்டபத்தில் பேசியது. அதை எங்கே போய்க் காட்டுவது?

ஒரே பக்கம் போதும். வாடகை, நாள், டெபாசிட் எவ்வளவு, எந்தச் சேதத்துக்குப் பிடிப்பார், எத்தனை நாளில் திருப்புவார், வழியில் டயர் போன்றவை பழுதானால் யார் செலவு. கடைசி வரிதான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். எடுக்கும்போது ஒன்று, திருப்பும்போது ஒன்று என்று வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ. என் மனைவி மட்டும் வெள்ளிக்கிழமை இரவு, எங்கள் வீட்டு வாசலில், யாருக்கும் சொல்லாமல் அப்படி ஒரு வீடியோ எடுத்து வைத்திருந்தாள்.

டெபாசிட் திரும்ப வந்ததா?

வந்தது, தானாக வரவில்லை. வண்டியைக் கொண்டுபோய் விட்ட அன்று பெரியவர் சக்கர மூடியைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் மகனிடமிருந்து குறுஞ்செய்தி: சக்கர மூடிக்கும் ரிம்முக்குமாக 3,000 ராண்டும் பிடித்துக்கொள்கிறோம். இரண்டு புது டயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூப்பிட்டேன். “நீங்கள் வேகமாக ஓட்டியிருப்பீர்கள்” என்றார் மகன். பெரியவர் தொலைபேசிக்கு வரவில்லை.

இங்கே வாடகைச் சட்டத்துக்கு வேர் ரோமன்-டச்சுச் சட்டம். பொருளை எதற்காக வாடகைக்கு விடுகிறாரோ அதற்குத் தகுந்த நிலையில் கொடுப்பது விடுபவர் கடமை. எடுத்தவர் தன் கவனக்குறைவால் வந்த சேதத்துக்குத்தான் பொறுப்பு. 2009-இல் செய்த டயர் வெடித்தது என் கவனக்குறைவு ஆகாது. டயரின் நான்கு இலக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தேன், ஊம் சொல்லி எடுத்தது. அந்தப் படம், மனைவியின் வீடியோ, இரண்டு டயர் ரசீது எல்லாவற்றையும் வைத்து ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதினேன்: 14 நாளுக்குள் 5,900 ராண்ட் தராவிட்டால், சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட்டுக்குப் போவேன் என்று. பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடிதத்தைத் தபால் நிலையக் கவுண்டரில் நீட்டும்போது கை நடுங்கியது என்று சொன்னால் நம்புவீர்களா? கூழ் வாளி நினைவு வந்துவிட்டது.

11-ஆம் நாள் கணக்கில் 3,000 வந்து விழுந்தது. டயர்ப் பணம் வரவில்லை. “போதும், விடுங்கள்” என்றாள் மனைவி. விட்டேன். சரியா தவறா தெரியாது. கேட்க இன்னும் காலம் இருக்கிறது. சாதாரணக் கடனுக்கு மூன்று வருடம்வரை உரிமை உண்டு.

ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட் என்றால் வக்கீல் வைக்க வேண்டாமா?

வைக்கவே முடியாது. இரு தரப்பும் தாங்களே பேச வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 20,000 ராண்ட் வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டு போகலாம். வழக்குப் போடுவது தனி மனிதராக இருக்க வேண்டும். கம்பெனி போட முடியாது, கம்பெனி மேல் போடலாம். முதல் படி நான் எழுதியதுபோல் 14 நாள் கோரிக்கைக் கடிதம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இருக்கும் எழுத்தர் அதன் பிறகு என்ன செய்வது என்று சொல்லிக் கொடுப்பார்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உதவாதா?

2011-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், தொழிலாக நடத்துபவர்களைப் பிடிக்கும். மாதாமாதம் விளம்பரம் போட்டு வாடகைக்கு விடுபவர் அதற்குள் வரலாம். முற்றத்தில் நிற்பதை ஒரு தடவை தெரிந்தவருக்குக் கொடுத்தவர் வருவாரா என்பது வாதம். எங்களுக்கு அந்த வாதத்தில் இறங்கத் தெம்பில்லை.

பார்க்காமலேயே முழுப் பணமும் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

வேண்டாம். எங்கள் பெரியவர் வண்டியாவது கொடுத்தார். ஒரே கேரவன் படம் இரண்டு ஊர் விளம்பரங்களில் இருப்பதை என் மனைவி கண்ணால் பார்த்தாள். வண்டியைத் தொட்ட பிறகு பணம்.

கோயிலில் அவரைப் பார்த்தால் பேசுவீர்களா?

பேசுவேன். ஆடி மூன்றாம் வாரம் பார்த்தேன். அவர் கூழ் அண்டாவுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். “என்ன தம்பி, வேலையெல்லாம் எப்படி?” என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். கேரவன் என்ற சொல் இருவர் வாயிலும் வரவில்லை. மகனுடைய குறுஞ்செய்தி அவருக்குத் தெரியுமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வாளியை அவர் தூக்கப் போனார், நான் வாங்கிக்கொண்டேன். எழுபது வயது அவருக்கு.

அன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு காகிதத்தை நீட்டி, “அங்கிள், கையெழுத்துப் போடுங்க” என்று சொல்லியிருந்தால் அவர் ஒரு நிமிடம் முகம் சுளித்திருப்பார். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்து, இப்போது வாராவாரம் அண்டாவுக்கு இரண்டு பக்கமும் நிற்கிறோம்.

பிள்ளைகளுக்காவது பிடித்ததா?

சின்னவனுக்கு ரொம்ப. குரங்கு தூக்கிப் போன மாவுப் பாத்திரம், ஊம் கொடுத்த காய்ந்த இறைச்சித் துண்டு, வாளிப் பனிக்கட்டியை உடைத்தது, நெடுஞ்சாலை ஓரத்தில் போலீஸ் விளக்கு என்று பள்ளியில் கட்டுரையே எழுதியிருக்கிறான். பெரியவள் ஒரே இரவில் பூஞ்சை வாசத்துக்கு மூக்கடைத்து, மீதி ஐந்து நாளும் தும்மினாள்.

அந்தக் கேரவன் இன்னும் வாடகைக்கு இருக்கிறதா?

இருக்கிறது. போன வாரம் மனைவி விளம்பரத்தைக் காட்டினாள். படம் அதே பழைய படம், தார்ப்பாய் இல்லாமல், பின்னால் மார்கேட் கடல். கீழே ஒரு வரி மட்டும் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்: ‘இரண்டு புத்தம் புது டயர்கள்’. வாடகை இப்போது 950.